என் பிள்ளைக்கு ஊட்டிய ஜெயசீலி அக்கா

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. கம்பெனியில் ஓவர்டைம் இருந்தது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பாட்டில் மூடி செய்யும் கம்பெனி ஒன்றில் பேக்கிங் வேலை எனக்கு. உள்ளே போன் கொண்டு போகக் கூடாது, லாக்கரில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் லாக்கரைத் திறந்தால் பர்வீன் ஒன்பது தடவை கூப்பிட்டிருந்தாள். பர்வீன் பழவேற்காட்டுப் பெண். அவள் மகனும் என் மகள் தர்ஷினியும் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் ஒரே சென்டரில்தான் இருக்கிறார்கள். உடனே கூப்பிட்டேன்.

"சுமதிக்கா, எங்கக்கா இருக்கே?"

"கம்பெனில. இன்னாடி, பையனுக்கு மறுபடி ஃபிட்ஸா?"

"இல்லக்கா. நம்ம ஜெயசீலியக்கா பூட்டாங்க."

"எங்க பூட்டாங்க?" என்று கேட்டேன். வேலையை விட்டுவிட்டுப் போய்விட்டார் என்றுதான் நினைத்தேன்.

"செத்துட்டாங்கக்கா. சர்ச்சுக்குப் போய்ட்டு வந்து நெஞ்சு வலிக்குதுன்னு குந்துனாங்களாம். ஆட்டோல ஏத்தறதுக்குள்ள…"

எனக்கு அழுகை வரவில்லை. முதலில் ஒரு நினைப்பு வந்தது. அதை விட்டுவிட்டு எழுதினால் இது முழுக்கப் பொய்யாகிவிடும். 'இனிமேல் தர்ஷினிக்கு நான் மட்டும்தான்' என்று நினைத்தேன். அதற்குப் பிறகுதான் டிபன் பாக்ஸைத் திறக்காமலே லாக்கரில் வைத்துவிட்டு லீவு கேட்கப் போனேன்.

முப்பதாம் நாள் ஜெபத்துக்கு சென்டரில் எல்லோரும் கூடும்போது ஆளுக்கு இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று டீச்சர் சொன்னார். எனக்குக் கூட்டத்தில் பேச வராது. எட்டாவதோடு நின்றவள் நான். எழுதித் தருகிறேன், நீங்களே படித்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுத்தில் இருக்கும் தப்பை மட்டும் சொல்லவில்லை.

ஜெயசீலி அக்கா நம் சென்டரில் ஆயா என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். பிசியோ சார் புதன்கிழமை வருவார், பாடம் சொல்லித் தர டீச்சர் இருக்கிறார். மீதி நேரம் எல்லாம் அக்காதான். துடைப்பது, மாற்றுவது, தூக்குவது, ஊட்டுவது. தர்ஷினிக்கு நான்கு வயதாக இருக்கும்போது முதல் தடவை கூட்டிக்கொண்டு வந்தேன். பிறந்தவுடன் அழாத பிள்ளை. மூளை முடக்குவாதம் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். கை கால் விறைத்துக்கொள்ளும், கழுத்து நிற்காது, எச்சில் வடிந்துகொண்டே இருக்கும். அன்றைக்கு சென்டரில் ஒரு மூலையில் மடியில் படுக்கவைத்துப் பால்சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். வழக்கம் போலப் புரையேறி முகம் நீலமாகிவிட்டது. அக்கா ஓடி வந்து பிள்ளையை என் மடியிலிருந்து பிடுங்கி நிமிர்த்தினார்.

"இன்னாம்மா இது? நீ படுத்துக்கினு சோறு துன்னுவியா?"

"உக்கார மாட்டாளே, இன்னா பண்றது?"

"உக்கார வைக்கணும். நீ கீழ குந்து. அவ கண்ணுக்குக் கீழ உன் மூஞ்சி இருக்கணும். நின்னுக்கினு ஊட்டினா உன்னைப் பாக்கறதுக்குக் கழுத்தைத் தூக்குவா. கழுத்து மேல போனா சோறு மூச்சுக்கொழாய்க்குப் போவும்."

சுவரோரமாக இரண்டு பக்கமும் தலையணை வைத்துப் பிள்ளையை உட்காரவைத்தார். தானும் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, ஆழமில்லாத பிளாஸ்டிக் கரண்டியில் கொஞ்சமாகச் சோறு எடுத்து, தாடைக்குக் கீழே ஒரு விரலை முட்டுக்கொடுத்து ஊட்டினார். தர்ஷினி முழுங்கினாள். இன்னொரு வாய், இன்னொரு வாய். நான்கு வருஷம் நான் போராடியதை அந்த அம்மாள் நான்கு நிமிஷத்தில் செய்துவிட்டார். நன்றி என்று சொன்னேன். உள்ளே நன்றி இல்லை. வயிறுதான் எரிந்தது.

அன்றிலிருந்து ஆறு வருஷம் அந்த எரிச்சல் அணையவில்லை. காலையில் கம்பெனிக்குப் போகும்போது கவரைப்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து பிள்ளையை சென்டரில் விடுவேன். சாயங்காலம் தூக்கிக்கொண்டு போவேன். காலையில் அக்காவைப் பார்த்ததும் தர்ஷினியின் கை கால் எல்லாம் சந்தோஷத்தில் துள்ளும். சாயங்காலம் என்னைப் பார்த்தால் உதட்டைப் பிதுக்குவாள். வீட்டில் ராத்திரிச் சோறு நான்தான் ஊட்டுவேன். எட்டு மணி நேரம் கம்பெனியில் நின்ற கால், கீழே உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. அதனால் நின்றுகொண்டே ஊட்டுவேன். பாதி உள்ளே போகும், பாதி வெளியே வரும். "சென்டர்ல நல்லா துன்றாளாமே" என்பார் வீட்டுக்காரர். அந்த வார்த்தை போதும், அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

அக்காவுக்கு இரண்டு பெண்கள். தர்ஷினி சேர்ந்த முதல் மூன்று வருஷம் ஸ்கூல் விட்டதும் சென்டருக்கு வந்துவிடுவார்கள். வாசலில் பையைப் போட்டுவிட்டு ஒருத்தியை ஒருத்தி துரத்திக்கொண்டு ஓடுவார்கள். "ஏய், மெதுவாடி, வுழுந்து வாரப் போறீங்க" என்று அக்கா சிரித்துக்கொண்டே திட்டுவார். நான் தர்ஷினியை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டு நிற்பேன். ஓடுகிற பிள்ளைகள் இரண்டை வைத்துக்கொண்டு, ஓடாத என் ஒன்றையும் எடுத்துக்கொண்டாளே இவள் என்று நினைப்பேன். வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் நினைக்காத நாள் இல்லை.

ஒரு நாள் சாயங்காலம் நான் போனபோது அக்கா கரண்டியைக் கழுவிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றார். தர்ஷினி சென்டர் சேரில் இருந்தபடி, "ஜே" என்றாள். அக்கா திரும்பினார். தர்ஷினி சிரித்தாள். மறுபடி, "ஜே". அது வெறும் சத்தம் இல்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டாள். எட்டு வயது வரைக்கும் ஒரு வார்த்தை பேசாத பிள்ளை. நான் 'அம்மா சொல்லு, அம்மா சொல்லு' என்று எத்தனை நாள் தொண்டை வறளக் கெஞ்சியிருப்பேன்!

அக்கா என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் சந்தோஷம் வரப் பார்த்தது. அதற்குள் நான் சொன்னேன்: "வூட்லயும் இப்படித்தான்க்கா. நாயைப் பாத்தாலும் ஜே, ஃபேனைப் பாத்தாலும் ஜே. சும்மா கத்துவா." அது பொய். வீட்டில் அவள் அப்படிச் சொன்னதே இல்லை.

அக்கா கொஞ்ச நேரம் கரண்டியையே துடைத்துக்கொண்டிருந்தார். "ஆமா சுமதி. சும்மா சத்தம்தான்" என்றார். அதற்கு மேல் அந்தப் பேச்சை அவர் எடுத்ததே இல்லை.

அந்த வருஷம்தான் நம் ஊர் ஸ்கூலில் மாற்றுத்திறனாளிகள் முகாம் வந்தது. திருவள்ளூரிலிருந்து டாக்டர்கள் வந்து பார்த்து, நூற்றுக்கு எத்தனை பாதிப்பு என்று எழுதிக் கொடுப்பார்கள். பாதிப்பு அதிகம் உள்ள பிள்ளைக்குத்தான் மாதா மாதம் பராமரிப்பு உதவித்தொகை, உட்காரும் சேர் எல்லாம். "நான் கூட வரேன்" என்றார் அக்கா. "வேணாம்க்கா, எங்க வூட்டுக்காரரு லீவு போட்டுக்கினு வராரு" என்றேன். அதுவும் பொய். அவர் அன்றைக்கு வேலைக்குப் போய்விட்டார். அக்கா கூட வந்தால் பிள்ளை அவரைப் பார்த்துத்தான் சிரிக்கும். டாக்டர் அவரைத்தான் அம்மா என்று நினைப்பார். அது எனக்கு வேண்டாம்.

முகாமுக்கு முன்னால் மூன்று வாரம் தர்ஷினிக்கு டம்ளர் பிடிக்கப் பழக்கினேன். தலைக்கு ஊற்றி, தீபாவளிக்கு எடுத்த பாவாடை சட்டை போட்டு, பூ வைத்து, எச்சில் துடைக்கப் புதுக் கைக்குட்டை வாங்கிக்கொண்டு போனேன். அன்றைக்குப் பார்த்து அவளும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"நல்லா பிடிக்கிறாளே. தானா சாப்பிடுவாளா?" என்றார் டாக்டர்.

"சாப்பிடுவா சார். என்கிட்ட எல்லாம் பண்ணுவா சார்."

எழுதிக் கொடுத்தார். நம்பர் குறைவாக இருந்தது. நோய் குறைந்திருக்கிறது என்றால் நல்லதுதானே என்று நினைத்துக்கொண்டேன். பரீட்சையில் பாஸ் ஆன மாதிரி அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நேராக சென்டருக்குப் போய் அக்காவிடம் நீட்டினேன். "பாத்தீங்களா, எவ்ளோ கொறைஞ்சிருக்கு!" அக்காவிடம் ஜெயிக்க வேண்டும் என்ற எண்ணம்தான்.

அக்கா தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை.

"சுமதி, இந்த நம்பருக்கு உதவித்தொகை வராதும்மா. சேரும் வராது."

"ஏன்? நல்லாத்தானே பண்ணா?"

"அதனாலதான். பொண்ணு பாக்க வந்தவங்களுக்குக் காட்டற மாதிரி டாக்டருக்குக் காட்டிக்கினு வந்துக்கிறே. பூ வேற!"

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அழுதது பணத்துக்கு மட்டும் இல்லை. அக்கா திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். 'என்னைக் கூட்டிக்கினு போயிருந்தா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அதைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டிருப்பேன். வீட்டுக்காரர் வந்தாரா என்றுகூட அவர் கேட்கவில்லை. தர்ஷினி தலையில் வாடிக்கிடந்த பூவை எடுத்துவிட்டு, "திங்கக்கெழமை கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுப்போம். மறுபடி பாக்கச் சொல்லுவோம். லீவு சொல்லிடு" என்றார்.

மனு கொடுத்து, அலைந்து, மறுபடி பார்க்க நாள் வாங்கினோம். திருவள்ளூருக்குப் பெரியபாளையம் வழியாக பஸ். தர்ஷினி அக்கா மடியில் இருந்தாள். சென்டர் வருகைத் தாள் ஒன்றின் பின்பக்கத்தை என்னிடம் கொடுத்தார் அக்கா. பிறகு, 'பஸ் குலுங்கும், உன் எழுத்து உனக்கே புரியாது' என்று பிள்ளையை என் மடிக்கு மாற்றிவிட்டுத் தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

"ஒரு நாள் எப்படிப் போவுதுன்னு சொல்லு. கூட்டாதே, கொறைக்காதே. காலைல இருந்து."

சொன்னேன். பல் விளக்க எத்தனை நேரம், மலம் போகாமல் எத்தனை நாள், ஒரு வேளைச் சோறு ஊட்ட எத்தனை நேரம். அக்கா எழுதிக்கொண்டே வந்தார். எல்லாம் அவருக்குத் தெரிந்ததுதான்.

"ராத்திரிலே?"

"ராத்திரிலே நாலஞ்சு தடவை முழிச்சி, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிப் போடுவேன்க்கா. திருப்பலைன்னா இடுப்பு பிடிச்சிக்கும். எடது பக்கம் போட்டா என் நைட்டியை வாயில வெச்சிக்கினுதான் தூங்குவா."

அக்கா பேனாவை நிறுத்தினார். "நைட்டியையா? இது எனக்குத் தெரியாதே" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்கு நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா! என் பிள்ளையைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒன்று அவருக்குத் தெரியவில்லை. திருவள்ளூர் வரைக்கும் ஜன்னல் வழியே பார்த்துச் சிரித்துக்கொண்டே போனேன். இதையும் நான் சொல்லித்தானே ஆக வேண்டும்.

உள்ளே கூப்பிட்டார்கள். மூன்று டாக்டர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா பிள்ளையை என் இடுப்புக்கு மாற்றிவிட்டு, பையோடு வெளியே நின்றுகொண்டார். "நீங்களும் வாங்க" என்றார் ஒரு டாக்டர். "நான் ஆயா சார். அம்மாவைக் கேளுங்க. அவங்களுக்குத்தான் தெரியும்" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார்.

தர்ஷினி கதவைப் பார்த்து "ஜே, ஜே" என்று அழுதாள். கேட்டதற்கெல்லாம் நானே பதில் சொன்னேன். தானாக உட்காருவாளா? முடியாது சார். சாப்பிடுவாளா? முடியாது சார். எத்தனை 'முடியாது' சொன்னேனோ. ஆனால் எல்லாம் உண்மை. அந்தத் தாளையும் வாங்கிப் படித்தார்கள். நைட்டி என்ற இடத்தில் லேடி டாக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

உதவித்தொகை வந்தது. சேரும் வந்தது. நெஞ்சுக்குப் பட்டை, காலுக்குப் பலகை எல்லாம் உள்ள சேர். எங்கள் தெருவில் எல்லோரும், "ஜெயசீலி வாங்கிக் குடுத்த சேரா?" என்றார்கள். எனக்கு வந்த கோபத்தில் சென்டருக்குப் போய், "இது கவர்மென்ட் குடுத்த சேர், நீங்க குடுத்தது இல்ல" என்று அக்கா முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன்.

"அதைத்தானே நானும் சொல்றேன்?" என்று அக்கா பெரிதாகச் சிரித்தார். "நான் குடுக்கறதுக்கு இது இன்னா எங்க அப்பன் ஊட்டு சேரா? உன் பிள்ளைக்கு வரவேண்டியது, வந்துச்சி. யாருக்கும் நன்றி சொல்லாதே. கையெழுத்து போடு, எட்த்துக்கினு போ." இந்த வார்த்தையை நம்மில் எத்தனை பேருக்கு அவர் சொல்லியிருப்பார்! படிக்கும்போது இங்கே சிலர் சிரிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

அக்காவை அடக்கத்துக்கு எடுப்பதற்கு முன்னால் தர்ஷினியை அவர் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தெருவில் பந்தல் போட்டு ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். பிள்ளையைத் தூக்கிக் காட்டினேன். கண்ணாடிக்குள் பார்த்தாள். "ஜே" என்றாள். அக்கா திரும்பவில்லை. இன்னும் சத்தமாக, "ஜே!" பேர் சொன்னால் உடனே திரும்புகிறவர் ஏன் திரும்பவில்லை என்று அவளுக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தாள்.

அக்காவின் பெரிய பெண் ஷீபா பக்கத்தில் வந்து நின்றாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"ஆண்ட்டி, இவளைக் கண்டாலே எனக்கு ஆவாது, தெரியுமா?"

"ஏம்மா?"

"ஊட்டுக்கு வந்தா இவ பேச்சுதான். தர்ஷினி மூணு இட்லி துன்னா, தர்ஷினி துப்பாம முழுங்கினா. நான் டென்த்ல ஸ்கூல் செகண்டு ஆண்ட்டி. ஓடி வந்து சொல்றேன். 'இருடி, தர்ஷினிக்கு சளி, பிசியோ சாருக்கு போன் பண்ணிக்கினுக்கிறேன்'னாங்க." சொல்லிக்கொண்டே தர்ஷினியின் வாயைத் தன் துப்பட்டாவால் துடைத்தாள். அவள் அம்மா துடைக்கிற மாதிரியே துடைத்தாள். "ஆமா, இவ இன்னா சொல்றா? ஜேன்னு இன்னாமோ கத்தறாளே?"

பிள்ளை தின்ற இட்லியைக்கூட எண்ணி வீட்டில் சொன்ன மனுஷி, தன் பேரை அவள் சொன்னதை மட்டும் பெற்ற பெண்ணிடம்கூடச் சொல்லவில்லை. நான் அதைச் சும்மா சத்தம் என்று சொன்னேன். அந்தப் பொய்யை இரண்டு வருஷம் எனக்காகக் காப்பாற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

"உங்க அம்மாவைத்தான் கூப்பிடறா ஷீபா" என்றேன். "அவளுக்குத் தெரிஞ்ச ஒரே வார்த்தை அதுதான்."

அந்தப் பெண் அங்கேயே என் தோளில் சாய்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு தர்ஷினி சாப்பிடவில்லை. நான் ஒரு வாரம் லீவு போட்டேன். கரண்டியைக் கொண்டுபோனால் பல்லைக் கடித்துக்கொள்வாள். கதவைப் பார்ப்பாள், "ஜே" என்பாள். "ஜே இல்லடி, அம்மாடி, அம்மா ஊட்டறேன் பாரு" என்பேன். வாயை இன்னும் இறுக்குவாள். ஏற்கெனவே குச்சி மாதிரி இருக்கிற உடம்பு. பிசியோ சார் வந்து பார்த்தார். "இப்படியே போனா மூக்குல டியூப் போட வேண்டி வரும்மா" என்றார். செத்தும் விடமாட்டேன் என்கிறாளே என்று அப்போதும் எனக்கு அக்கா மேல்தான் கோபம் வந்தது.

நான்காவது நாள் மத்தியானம். நின்றுகொண்டே இரண்டு வாய் முயன்று பார்த்தேன். துப்பிவிட்டாள். கால் ஓய்ந்து, அந்தச் சேருக்கு முன்னால் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். முதல் தடவையாக அவள் முகத்தைக் கீழே இருந்து பார்த்தேன். மேலே இருந்து பார்க்கிற முகம் வேறு, இது வேறு. அக்கா ஆறு வருஷம் பார்த்தது இந்த முகத்தைத்தான். தர்ஷினி குனிந்து என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மெதுவாக, கேள்வி கேட்கிற மாதிரி, "ஜே?" என்றாள்.

தாடைக்குக் கீழே விரலை வைத்தேன். "ஆமாண்டி, வந்துட்டேன்" என்றேன்.

வாயைத் திறந்தாள்.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இவ்வளவுதான். பஸ்ஸில் அவர் எழுதின தாள், ஆழமில்லாத ஒரு கரண்டி, தரையில் ஓர் இடம். அப்புறம் அந்தப் பேர். தர்ஷினி இப்போது பசித்தால் என்னை "ஜே" என்றுதான் கூப்பிடுகிறாள். எனக்கு இன்னும் வயிறு எரிகிறது அக்கா. பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அவள் கூப்பிட்டவுடன் உங்களை மாதிரியே நான் திரும்பிவிடுகிறேன்.